பிரஷ்ஷை யார் முதலில் எடுப்பது

எங்கள் கல்லூரியின் இரண்டாவது மாடிக் கோடியில் ஓர் அறை இருக்கிறது. கதவில் 101 என்று பித்தளை எண். உள்ளே இரட்டைக் கட்டில், எழுது மேசை, அலமாரி, சின்ன ஃபிரிட்ஜ், ஜன்னலுக்கு இரண்டு அடுக்குத் திரை, ஒட்டினாற்போல ஒரு குளியலறை. இந்த அறையில் இதுவரை ஒருவரும் ஓர் இரவு தங்கியதில்லை. பிள்ளைகள் இதை ‘மாடல் ரூம்’ என்பார்கள். மதுரைக்கு வெளியே நான்குவழிச் சாலையோரம் இருக்கிற ஒரு தனியார் கேட்டரிங் காலேஜில், இந்த ஓர் அறையை வைத்துக்கொண்டு 24 வருடமாக ஹவுஸ்கீப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன்.

பலகையில் எங்கள் படிப்புக்குப் பெயர் நீளமானது. ஹோட்டல் நிர்வாகம், சுற்றுலா, வணிகம் என்று மூன்றும் வரும். ஊரில் எல்லாருக்கும் அது ‘கேட்டரிங்’தான், கேட்டரிங் என்றால் சமையல்தான். ஜூன் மாதம் சேர வருகிற பிள்ளைகளிடம் என்னவாக ஆசை என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் செஃப் என்பார்கள். மீதிப் பேருக்குக் கோட்டும் டையும் போட்டு ரிசப்ஷனில் நிற்க ஆசை. ஹவுஸ்கீப்பிங் வேண்டும் என்று கேட்டு ஒரு பிள்ளைகூட வந்ததில்லை. நானும் அப்படி வந்தவள் இல்லை.

1993-ல் சென்னை தரமணியில் இருக்கிற மத்திய அரசின் கேட்டரிங் கல்லூரியில் மூன்று வருட டிப்ளமோ சேர்ந்தேன். அது 1963-ல் தொடங்கியது. நாட்டில் இந்தப் படிப்புக்கு முதல் விதை விழுந்தது அதற்கும் முன்னால், 1954-ல், பம்பாயில். லீலாவதி முன்ஷி தலைமையில் பெண்கள் சேர்ந்து நடத்திய உணவு கவுன்சில்தான் அந்த முதல் கல்லூரியைத் தொடங்கியது. பின்னாளில் அதற்கு முதல்வராக இருந்த தங்கம் பிலிப் எழுதிய ‘மாடர்ன் குக்கரி’ எங்கள் எல்லாருடைய பையிலும் இருக்கும். அந்தப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு, சமையலறைக்குள் போய்விடலாம் என்றுதான் மூன்று வருடமும் கனவு கண்டேன். படிப்பு முடிந்ததும் சென்னை ஹோட்டல் ஒன்றில் எனக்குக் கிடைத்த வேலை ஹவுஸ்கீப்பிங்கில். வீட்டில் அதைச் சொல்லவே இரண்டு மாதம் ஆயிற்று.

அங்கே ஐந்து வருடம் இருந்தேன். ஒரு ஆள் ஒரு ஷிப்டில் 14 முதல் 16 அறை செய்ய வேண்டும். காலையில் செக்-அவுட் ஆன அறையை மதியத்துக்குள் புது அறை மாதிரி ஆக்கித் தர வேண்டும். வாடகை வாங்குகிற பொருள் அறைதான். அந்த அறையை ஒவ்வொரு நாளும் மறுபடி உண்டாக்குகிறவர்கள் நாங்கள் என்பது எனக்கு அங்கே விளங்கியது. அந்த விளக்கத்தோடுதான் 2001-ல் கற்பிக்க வந்தேன். எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டும் வந்தேன்.

ஒரு குளியலறையைச் சுத்தம் செய்வதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. உள்ளே போனதும் ஃபிளஷ் செய்து, கோப்பையின் விளிம்புக்கு அடியில் ஆர்6 ஊற்றி விட்டுவிட வேண்டும். எங்கள் தொழிலில் டாஸ்கி கம்பெனியின் ‘ஆர்’ வரிசை மருந்துகளை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்வோம். ஆர்1 குளியலறைக்கு, ஆர்2 எல்லாப் பரப்புக்கும், ஆர்3 கண்ணாடிக்கு, ஆர்4 மரச்சாமானுக்கு, ஆர்5 வாசனைக்கு, ஆர்6 கோப்பைக்கு. ஆர்6 அமிலம், ஊறினால்தான் கறையைப் பிடிக்கும். அது ஊறுகிற நேரத்தில் கண்ணாடி, பிறகு வாஷ்பேசின், பிறகு ஷவர் சுவர். மேலேயிருந்து கீழே வர வேண்டும். அழுக்குக் குறைந்த இடத்தில் தொடங்கி அழுக்கு கூடிய இடத்தில் முடிக்க வேண்டும். கோப்பைக்கென்று தனி நிறத்தில் ஒரு துணி. அந்தத் துணி வேறு எதையும் தொடக் கூடாது. தொட்டால் நீங்கள் துடைக்கவில்லை, கிருமியைக் கொண்டுபோய்ப் பூசுகிறீர்கள். குழாயைக் காய்ந்த துணியால் மறுபடி ஒரு துடை துடைக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசியில் தரையைத் துடைத்தபடியே பின்னால் நடந்து கதவுக்கு வெளியே வந்துவிட வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு: ஆர்6 போட்ட இடத்தில் ஒருபோதும் பிளீச்சிங் பவுடர் போடாதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடின அறைக்குள் அது நெஞ்சை அடைக்கும்.

நான் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஒரு மாணவனைச் செய்யச் சொல்லி, மற்றவர்களைச் சுற்றி நின்று பார்க்கச் சொல்வேன். தொழிலுக்கு இழிவு கிடையாது, எந்த வேலையும் கௌரவமான வேலைதான் என்று ஒரு சின்ன உரையும் நடத்துவேன். முதல் மூன்று வருடம் இப்படித்தான் போயிற்று.

2004 ஜூலையில், முதலாண்டு மாணவர்களின் இரண்டாவது பிராக்டிகல் முடிந்த மறுநாள், ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் சைக்கிள் சாவி, கசங்கிய காக்கிக் கால்சட்டை. அலுவலக அறையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அம்மா, எம் மவன நேத்து கக்கூஸ் கழுவ வச்சீங்களாமே?”

“ஐயா, அது பாடம். எல்லாப் பிள்ளைகளும் செய்யணும்” என்று எனக்குப் பழக்கமான உரையைத் தொடங்கினேன். தொழிலின் கௌரவத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சொன்னார்: “நான் நகராட்சியில துப்புரவு வேல பாக்குறேம்மா. எங்கப்பாவும் அதான். எங்க தாத்தாவும் அதான். இது என்னோட போகட்டும்னுதான் கடன் வாங்கி இங்க சேத்தேன். நீங்க மறுபடியும் அதே பிரஷ்ஷ அவன் கையில குடுத்துட்டீங்க.”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடைய கௌரவ உரை, தாமாக விரும்பி இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பொருந்தும். மூன்று தலைமுறையாக வேறு வேலை தரப்படாத ஒரு குடும்பத்துக்கு முன்னால் அந்த உரைக்கு எந்த மதிப்பும் இல்லை. அதைவிடச் சுட்டது அவர் அடுத்துக் கேட்டது. “எல்லாப் பிள்ளைகளும்னு சொன்னீங்களே, நேத்து எத்தனை பிள்ளைங்க செஞ்சுச்சும்மா?”

முந்தின நாள் மூன்று பேர்தான் செய்திருந்தார்கள். நேரம் போதவில்லை என்று மற்றவர்களை விட்டிருந்தேன். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து அந்த மூன்று பேர் யார் என்று யோசித்தேன். “யார் முதலில் வருகிறீர்கள்?” என்று நான் கேட்கும்போதெல்லாம் வகுப்பு லேசாக அசையும், சிலர் பின்னால் நகர்வார்கள், சிலர் முன்னால் தள்ளப்பட்டு நிற்பார்கள். யார் எந்தத் தெரு, யார் எந்தச் சாதி என்பது சேர்ந்து ஒரு மாதத்துக்குள் வகுப்புக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருந்தேன் என்பதுதான் சரி. ஊர் செய்த பங்கீட்டையே என் வகுப்பறையும் செய்துகொண்டிருந்தது. அதற்கு மேற்பார்வை நான்.

ஆனால் அந்த யோசனைக்கு முன்பே, அவர் என் முன்னால் நின்றபோதே, அவரை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. மாடல் ரூமுக்கு அழைத்துப் போனேன். “ஐயா, பத்து நிமிஷம் நில்லுங்க” என்று சொல்லி, சேலையைச் செருகிக்கொண்டு, கையுறை மாட்டி, குளியலறையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நானே செய்தேன். எதற்கு எது, ஏன் என்று சொல்லிக்கொண்டே செய்தேன். அவர் வாசலில் நின்று பார்த்தார். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கக் கூடாது என்று சொன்னபோது முதல் தடவையாக வாய் திறந்தார்.

“நாங்க ரெண்டையும் ஒண்ணாத்தாம்மா போடுவோம். கண்ணு எரியும், இருமல் வரும். அது நாத்தத்தால வர்றதுன்னு நெனச்சுக்குவோம்.”

நான் தரையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கையுறையைக் கழற்றினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “இந்த உறை எங்கம்மா கிடைக்கும்?”

ஸ்டோரிலிருந்து இரண்டு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மகனைத் தொடர்ந்து படிக்கச் சொல்வதாகவோ நிறுத்துவதாகவோ ஒன்றும் சொல்லாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து என் வகுப்பு மாறியது. “யார் முதலில்?” என்ற கேள்வியை நிறுத்தினேன். முதலில் செய்வது நான். அதன் பிறகு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொருவரும், ஒருவர் விடாமல். ஆஸ்துமா மாதிரி மருத்துவக் காரணம் உள்ளவருக்கு வேறு வேலை; மற்றபடி விலக்கு இல்லை. ஒரு குளியலறையில் அறுபது பேர் செய்து முடிக்க நான்கு வாரம் ஆகிறது. பாடத்திட்டம் பின்தங்குகிறது என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். பூக்கள் அடுக்குகிற பாடத்தைச் சுருக்கிக்கொள்கிறேன் என்றேன். அந்த நான்கு வாரத்தில் சில பெற்றோர்கள் வந்து சண்டை போடுவார்கள். “எங்க வீட்டுப் பையன் இதெல்லாம் செய்யணுமா?” என்று கேட்கிறவர்களிடம், “எந்த வீட்டுப் பையன் செய்யணும்னு நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதோடு பேச்சு நிற்கும். ஒன்றிரண்டு பிள்ளைகள் நின்றும் போயிருக்கிறார்கள். அதற்காக நான் வருந்தியதில்லை.

இது ஒழுக்கப் பாடம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இது தொழில் பாடமும்தான். 100 அறை உள்ள ஹோட்டல், அறை வாடகை 3,000 ரூபாய், ஓர் இரவில் 60 அறை நிரம்புகிறது என்றால் வருமானம் 1,80,000. இருக்கிற ஒவ்வோர் அறைக்கும் வகுத்தால் 1,800. இந்தக் கணக்கை ரெவ்பார் என்பார்கள். ஹோட்டல் முதலாளி காலையில் முதலில் பார்ப்பது இதைத்தான். விற்காத அறையை அரிசி மூட்டை மாதிரி நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. இதைப் புத்தகத்தை வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டைச் சொல்வேன். மதுரை மல்லி முகூர்த்த நாளில் என்ன விலைக்குப் போகிறது, ஆடி மாதத்தில் என்ன விலை, காலையில் கேட்ட விலைக்கும் மாலையில் வாடப்போகிற நேரத்தில் தள்ளிவிடுகிற விலைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், பூக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களுக்குப் பாடம் நடத்திவிடுவார்கள். ஹோட்டலில் வருமான மேலாளர் கம்ப்யூட்டரில் செய்வது அந்த வேலையைத்தான். கல்யாண நாளுக்கு விலையை ஏற்றி, வெறிச்சோடிய நாளுக்கு இறக்கி, எந்த அறையும் வாடாமல் பார்த்துக்கொள்வது.

அந்த அறையில் குழாய் ஒழுகுகிறது, கோப்பையில் கறை நிற்கிறது என்று ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ எழுதி மாட்டினால் அன்றைக்கு அந்த 3,000 ரூபாய் போயிற்று. சுற்றுலா வகுப்பிலும் நான் இதையே சொல்வேன். உள்நாட்டுப் பயணிகள் வருகையில் 2014 முதல் சில வருடங்கள் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அவர்களில் பெரும்பகுதி கோயிலுக்கு வருகிற குடும்பங்கள். மாமல்லபுரத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது நமக்குப் பெருமை. ஆனால் பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்குகிற குடும்பத்துக்கு ஊரின் முதல் முகம் லாட்ஜ் குளியலறைதான். அது நாறினால் கோபுரம் எவ்வளவு உயரமாக இருந்தும் அந்தப் பாட்டி மறுபடி வர மாட்டாள்.

கல்லூரிக்குள் நான் எதைச் சரி செய்தாலும், பிள்ளைகள் வெளியே போகிற இடம் என் கையில் இல்லை. மூன்று வருடப் படிப்பில் ஏறக்குறைய 20 வாரம் ஹோட்டலில் பயிற்சி. சமையலறை, சர்வீஸ், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என்று நான்கு துறையிலும் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு நாளும் லாக் புக்கில் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு வருடம் இரவு பதினொன்றரைக்கு ஒரு மாணவி போன் செய்தாள். “மேடம், மூணு மாசமா ரூம்தான் செய்றேன். ஒரு நாளைக்குப் பதினாறு ரூம். தனியா.” இரண்டு நாள் கழித்து ராத்திரி பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். தங்க இடம் என்று கொடுத்திருந்த ஹாலில் பன்னிரண்டு பேருக்கு ஒரு குளியலறை. லாக் புக்கை வாங்கிப் புரட்டினால், அவள் காலே வைக்காத ஃப்ரண்ட் ஆபீஸுக்கும் சமையலறைக்கும் கையெழுத்து இருக்கிறது. பாதிச் சம்பளத்துக்கும் குறைந்த உதவித்தொகையில் முழு ஆள் வேலை வாங்கிவிட்டு, படித்ததாகச் சான்று கொடுக்கிறார்கள்.

அங்கே பயிற்சியில் இருந்த எங்கள் பிள்ளைகள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வேலை வாய்ப்புக்கு வருகிற இடத்தைப் பகைத்துக்கொள்வதா என்று நிர்வாகம் கோபப்பட்டது. “ஒருவர் திருடுவதற்கு நாம் ஆள் அனுப்புகிறோம் என்றாகிவிடும்” என்றேன். அந்த ஹோட்டலுக்கு அதன் பிறகு எங்கள் பிள்ளைகள் போகவில்லை. அன்றிலிருந்து பயிற்சிக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதம் தருகிறேன்: எத்தனை வாரம் எந்தத் துறை, வார விடுமுறை என்று, யாரிடம் புகார் சொல்வது, என் போன் நம்பர். பயிற்சியில் அறை செய்வது இழிவு இல்லை. அறையை மட்டுமே செய்யவைத்து மற்ற கதவுகளைச் சாத்திவிடுவதுதான் இழிவு. அந்த அப்பா என்னிடம் கேட்டதும் இதைத்தான் என்று அந்த பஸ்ஸில் திரும்பி வரும்போது புரிந்தது. பிரஷ்ஷைப் பிடிப்பதில் அவருக்குக் கோபம் இல்லை. பிரஷ்ஷைத் தவிர வேறு எதையும் பிடிக்க விடாததில்தான் கோபம்.

அதனால் சேர்க்கைக் காலத்தில் நான் ஒரு பிடிவாதம் பிடிக்கிறேன். மே, ஜூனில் எங்கள் மாதிரிக் கல்லூரிகள் எல்லாம் பேருந்து முதுகில் ‘நூறு சதம் வேலை’ என்று ஒட்டும். ஓராண்டு டிப்ளமோ முடித்தால் கப்பல் வேலை என்று ஒட்டுகிறவர்களும் உண்டு. பணம் கட்டுமுன் பெற்றோர்களை உட்காரவைத்து உள்ளதைச் சொல்கிறேன். கப்பலில் சேர பெரும்பாலும் ஹோட்டல் அனுபவம் கேட்பார்கள். கடல் பாதுகாப்புப் பயிற்சி தனி. அமெரிக்கத் துறைமுகம் தொடுகிற கப்பல் என்றால் சி-1/டி விசா தனி. ஓராண்டில் முடிகிற காரியம் இல்லை. முதல் வேலையின் சம்பளம் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளை வீட்டுக்கு வராது, ஏனென்றால் ஊர் கொண்டாடுகிற நாள்தான் நமக்கு வேலை நாள். ஆனால் தாக்குப்பிடிக்கிற பிள்ளைக்கு ஐந்தாறு வருடத்தில் கதவு திறக்கும். சூப்பர்வைசர், அசிஸ்டென்ட், எக்ஸிக்யூட்டிவ் ஹவுஸ்கீப்பர் என்று படி இருக்கிறது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இரண்டைக் கேளுங்கள் என்பேன்: இந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அந்தப் பட்டத்தின் சரியான பெயர் என்ன. பிறகு நேரே பயிற்சிச் சமையலறைக்குப் போய் அடுப்பைத் தொட்டுப் பாருங்கள். தூசி இருந்தால் அங்கே சமையல் நடப்பதில்லை. இப்படிப் பேசத் தொடங்கிய வருடம் சேர்ந்தவர்கள் குறைந்தார்கள். சேர்ந்தவர்களில் பாதியில் நின்றவர்கள் அதைவிடக் குறைந்தார்கள். நிர்வாகம் அதன் பிறகு என்னைத் தடுக்கவில்லை.

2020 மார்ச்சில் ஹோட்டல்கள் மூடின. என் பழைய மாணவர்கள் பலர் ஊர் திரும்பி, சிலர் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மே மாதம் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்களைச் சென்னை ஹோட்டல்களில் தனிமைப்படுத்தித் தங்கவைத்தபோது, அந்த அறைகளைத் திறந்து சுத்தம் செய்யப் போன கூட்டத்தில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். எந்த மருந்து எத்தனை நிமிடம் ஊற வேண்டும், எந்தத் துணி எதைத் தொடக் கூடாது, கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி எப்படிக் கழற்றுவது என்று அவர்களுக்குத் தெரியும். மருத்துவமனைகளும் ஹவுஸ்கீப்பிங் படித்தவர்களைத் தேடத் தொடங்கின. செஃப் ஆகத்தான் வந்தேன் என்று என்னிடம் அழுத ஒரு பெண், இன்று மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் அந்தத் துறையை நடத்துகிறாள்.

அந்த அப்பாவின் மகன் மூன்று வருடமும் படித்தான். சமையலறைக்குப் போனான், பேக்கரிதான் அவனுக்குப் பிடித்தது. அது அவன் தேர்ந்தெடுத்தது என்பதில் எனக்கு நிறைவு. அவன் அப்பா மறுபடி ஒரே ஒரு தடவை, பையனின் டி.சி. வாங்க வந்தபோது, மாடல் ரூம் வரை ஏறி வந்தார். கையுறை கிழிந்துவிட்டது என்றார். ஆபீசில் கேட்டால் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், தரவில்லை என்றார். அன்றைக்கும் இரண்டு ஜோடி கொடுத்தேன். அது தீர்வு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கழிவைக் கையால் அள்ளவைப்பதைத் தடுக்கிற சட்டம் 1993-லும் வந்தது, மறுபடி 2013-லும் வந்தது. என் கையில் இருப்பது ஒரு வகுப்பறை.

ஒவ்வொரு ஜூனிலும் கையுறை வாங்கக் குறிப்பு எழுதுகிறேன். ஆளுக்கு ஒரு ஜோடி, என் பெயர் முதல் வரிசையில். ஒரு ஜோடியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். கூடாது என்று எழுதி அனுப்புவேன். முதல் பிராக்டிகல் அன்று எல்லாரும் 101-ம் எண் அறைக்கு வெளியே நிற்பார்கள். கதவை மூன்று முறை தட்டி, “ஹவுஸ்கீப்பிங்” என்று சொல்லி, ஒருவரும் இல்லாத அறைக்குள் போய், கையுறையை மாட்டிக்கொண்டு, பிரஷ்ஷை எடுப்பேன். பிறகு பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரைக் கூப்பிடுவேன்.